சுத்தத் தற்செயல்

என் ஜாதகத்தோடு என் ஆய்வுக் கட்டுரையையும் வைத்து அனுப்பலாம் என்பது அப்பாவின் யோசனை. எங்கள் குடும்பத்தில் அச்சில் பெயர் வந்த முதல் ஆள் நான்தான். தொண்ணூறுகளின் நடுவில், எம்.ஃபில். முடித்த கையோடு பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்திருந்தது. படிப்புக்காக எழுதியதையே சுருக்கி ஒரு சின்ன ஆய்விதழுக்கு அனுப்பினேன். போட்டுவிட்டார்கள். அப்பா அதை எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஒரு கட்டு நகல் எடுத்து வந்தார். பத்திரிகை வைக்க வந்தவர், கரண்ட் கணக்கெடுக்க வந்தவர், கேபிள் டி.வி. வயர் மாட்ட வந்தவர் என்று ஒருவர் விடாமல் எல்லோருக்கும் காட்டினார். அதில் ஒரு வரிகூட அவருக்குப் புரியாது. பெயர் அச்சாகியிருக்கிற இடத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டுவார்.

கட்டுரை நெல் விளைச்சலைப் பற்றியது. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். எல்லாவற்றையும் அறுத்து நிறுத்துப் பார்க்க முடியாது. சில வயல்களை மட்டும் எடுத்து, அவற்றிலிருந்து மொத்தத்தையும் கணிக்க வேண்டும். அந்தச் சிலவற்றை எப்படி எடுப்பது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். சாலையோரத்து வயல், தெரிந்தவர் வயல், வெயிலுக்கு ஒதுங்க ஒரு வேப்பமரம் நிற்கிற வயல் என்று எடுத்தால் கணக்கு கோணிக்கொண்டு போகும். அதனால் வெறும் எண்களாகவே அச்சடித்த ஒரு அட்டவணையை வைத்துக்கொண்டு, அது எந்த எண்ணைக் காட்டுகிறதோ அந்த சர்வே நம்பர் வயலுக்குப் போக வேண்டும். அதைத்தான் ஆங்கிலத்தில் ரேண்டம் என்கிறோம்.

அட்டவணைக்கு என் மேல் கொஞ்சமும் கருணை கிடையாது. சேரன்மகாதேவிக்குத் தெற்கே, வரப்புமேல் நடந்து நடந்து, சேலைக் கரை முழுக்கச் சேறாகித்தான் ஒரு வயலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அறுப்புக்காகத் தண்ணீரை வடியவிட மடை திறந்துகொண்டிருந்த வயல்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா? என்ன வேணும்?"

"உங்க வயல்ல ஒரு சதுரம் அறுத்து நிறுத்துப் பாக்கணும் அண்ணாச்சி. படிப்புக்கு."

"இத்தன வயலு கெடக்கு. எங்க வயலுக்கு ஏன் வந்திய?"

"நம்பர் வந்துச்சு."

"யாரு குடுத்தா நம்பர?"

"யாரும் குடுக்கல. சும்மா வந்துச்சு."

"சும்மான்னா? தலையாரி சொன்னானா? வரி கிரி கூட்டப் போறாவளா?"

"இல்ல அண்ணாச்சி. சும்மான்னா சும்மாதான். முழுக்க முழுக்கச் சும்மா. ஒரு காரணமும் கெடயாது. கண்ண மூடிட்டு எடுத்த மாதிரி."

அவர் மண்வெட்டியை வரப்பில் குத்தி நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தி சரியாகத் தன் வயலுக்கே வந்து நிற்கிறாள் என்றால் அதில் என்னமோ விஷயம் இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கடைசியில் அறுக்க விட்டார். கிளம்பும்போது, "அந்தப் பக்கம் என் மச்சினன் வயலு. அங்கயும் கொஞ்சம் சும்மா போய்ட்டு வாங்க" என்றார்.

இப்படித்தான் எல்லா இடத்திலும். கல்லூரிக் கருத்தரங்கில் கட்டுரையை வாசித்தபோது முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர், "உங்க சொந்தக்காரங்க வயல் எத்தனை இதில்?" என்று கேட்டார். என் வழிகாட்டி கூட ஒரு மாதிரியாகப் பார்த்தார். ரேண்டம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பவில்லையே என்று ஒவ்வொரு இடத்திலும் அதன் முன்னால் ஒரு சொல்லைக் கொண்டுபோய் நிறுத்தினேன். முதல் பக்கத்தில் ட்ரூலி ரேண்டம். அடுத்த பக்கத்தில் கம்ப்ளீட்லி ரேண்டம். போகப் போகப் பயம் கூடி அப்சல்யூட்லி, பெர்ஃபெக்ட்லி, அட்டர்லி என்று வளர்ந்துகொண்டே போய், முடிவுரையில் ஹைலி ரேண்டம் என்று எழுதியிருந்தேன். அச்சில் பார்த்தபோது எனக்கு அது கம்பீரமாகத்தான் இருந்தது.

அந்தக் கட்டுரைதான் என் ஜாதகத்தோடு ஏரலுக்குப் போனது. மாப்பிள்ளை பாளையங்கோட்டையிலேயே இன்னொரு கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர். அவர் அம்மா மட்டும் ஏரலில் இருந்தார். மாப்பிள்ளை கல்லூரிப் பக்கமே அறை எடுத்துத் தங்கியிருந்தார். படித்த பையன் என்பதால் கட்டுரையைப் பார்த்து மலைத்துப்போவான் என்பது அப்பாவின் கணக்கு.

சில வாரம் கழித்து உறை திரும்பி வந்தது. நான் கல்லூரியிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏட்டி, இங்கன வா" என்றார் அப்பா. குரலே சரியில்லை. "பேப்பரத் திருத்தி அனுப்பியிருக்காவ."

"யாரு?"

"மாப்பிள்ள வீட்டுக்காரவ."

வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. ட்ரூலியை அடித்திருந்தது. கம்ப்ளீட்லியை, கண்ட இடத்திலெல்லாம் அடித்திருந்தது. அப்சல்யூட்லிக்கு ஒரு கோடு, அட்டர்லிக்குச் சுற்றி ஒரு வட்டம். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: 'ரேண்டம் என்றால் ரேண்டம்தான். எதற்கு இந்தக் கூச்சல்?' ஹைலிக்கு அடியில் இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி. அது ஒன்று மட்டும் நல்ல உயரமாக, பனைமரம் மாதிரி நின்றது.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாசா பெயிலா?"

"மார்க்கு போடல" என்றார் அப்பா.

எனக்குக் காது மடலெல்லாம் சூடேறிவிட்டது. ஒரு பெண்ணின் ஜாதகத்தோடு வந்த கட்டுரையில் சிவப்பு மையைத் தொட எவ்வளவு துணிச்சல் இருக்க வேண்டும்! உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. ஜாதகம் நன்றாகப் பொருந்தியிருப்பதாகவும், வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகவும் மாப்பிள்ளையின் அம்மா எழுதியிருந்தார். கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"வேண்டாம்னு சொல்லிரட்டா?" என்று அப்பா கேட்டார்.

"வரட்டும்" என்றேன். "வரச் சொல்லுங்க. எனக்கு அவியகிட்டப் பேசணும்."

அந்தக் குரலைக் கேட்டு அம்மா கையிலிருந்த கரண்டியை மெல்ல மேடையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அம்மாவும் மகனும் மட்டும். அந்த அம்மாளுக்கு வட்டமான முகம், நெற்றியில் திருநீற்றுக் கீற்று, உட்கார்ந்ததும் மின்விசிறியைப் பார்த்து "கொஞ்சம் கூட்டி வைங்க" என்று உரிமையோடு சொல்கிற சுபாவம். மகன் நல்ல உயரம். சட்டைப்பையில் ஒரு நீலப் பேனாவும் ஒரு சிவப்புப் பேனாவும் இருந்தன. நான் அந்தச் சிவப்புப் பேனாவையே பார்த்துக்கொண்டு காபியைக் கொடுத்தேன்.

இருவரும் தனியாகக் கொஞ்சம் பேசட்டும் என்று அந்த அம்மாளே சொன்னார். வீட்டில் தனியாகப் பேச மொட்டைமாடிதான் உண்டு. அங்கே அம்மா நீளவாக்கில் வெள்ளை வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் பிழிந்து காயப்போட்டிருந்தாள். வேட்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். வெயில் மண்டையைப் பிளந்தது.

"நான் ஒண்ணு சொல்லிரணும்" என்று அவரே ஆரம்பித்தார். "அந்தக் கட்டுரை... அது திரும்பி வரும்னு எனக்குத் தெரியாது. லீவுக்கு ஏரலுக்குப் போயிருந்தப்ப பரீட்சைப் பேப்பர் திருத்திட்டிருந்தேன். நடுவுல அதையும் வாசிச்சேன். கை தானாப் போய்ட்டு. எங்கம்மா ஜாதகத்தோட அதையும் உறையில போட்டு அனுப்பிட்டா."

மன்னிப்பு மாதிரித்தான் இருந்தது. ஆனால் நான் ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"நாலாம் பக்கத்துல கம்ப்ளீட்லிய அடிச்சிட்டிய" என்றேன். "அது ஒரு முறையோட பேரு. கம்ப்ளீட்லி ரேண்டமைஸ்டு டிசைன். உலகம் பூரா அப்படித்தான் சொல்லுதாவ. ஒரு ஆளோட பேருல பாதிய அடிக்கிய மாதிரி அடிச்சிருக்கிய."

அவர் முகம் வெளுத்தது. உண்மையாகவே வெளுத்தது. ஒரு தப்பான திருத்தம் செய்துவிட்டோம் என்பது அந்த மனிதரை எவ்வளவு உலுக்குகிறது என்று பார்த்தபோதே எனக்குள் கோபம் ஒரு படி இறங்கிவிட்டது.

"அது தப்புதான்" என்றார். "அது ஒண்ணு தப்பு. ஆனா மத்ததெல்லாம்? ரேண்டம்னா ஒண்ணு ரேண்டமா இருக்கும், இல்லன்னா இருக்காது. அதுல என்ன கூடக் கொறய? செத்துப்போனவர ரொம்பச் செத்துப்போனார்னு சொல்லுவமா?"

"பகல்னா பகல்தான. பின்ன ஏன் பட்டப்பகல்ங்குதோம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததை எடுத்தேன்.

"நடுன்னா ஒரு புள்ளிதான். நட்டநடு எங்கேருந்து வந்துச்சு? பொய்னா பொய். எதுக்குப் பச்சப்பொய்? வெளின்னா போதாதா, எதுக்கு வெட்டவெளி? தமிழுக்கு ஒரு நியாயம், இங்கிலீஷுக்கு ஒரு நியாயமா?"

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. தோற்றுப்போகிற ஆள் முகம் அப்படி இருக்காது. மிட்டாய்க் கடையைப் பார்த்த முகம் அது.

"கன்னங்கரேல்" என்றார்.

"செக்கச்செவேல்."

"கும்மிருட்டு!"

"கொள்ளை அழகு" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. காது மட்டும் சிவந்தது. "ஆனா பாருங்க" என்று வேகமாகப் பேசினார், "பச்சப்பொய் உண்டு, பச்ச இருட்டு கெடயாது. கும்மிருட்டு உண்டு, கும்பொய் கெடயாது. எந்தச் சொல்லு எந்தச் சொல்லுக்கு முன்னால நிக்கணும்னு அதுகளே முடிவு பண்ணி வச்சிருக்கு. இங்கிலீஷ்லயும் அப்படித்தான். கம்ப்ளீட்லி நிக்கும், ப்யூர்லி நிக்கும். ஹைலி ரேண்டம் மட்டும்..."

"மட்டும்?"

"கும்பொய்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். அடக்க அடக்க மூக்கு வழியாக வந்தது. முடிவுரையில், அச்சில், என் பெயரைப் போட்டு, நான் கும்பொய் எழுதியிருக்கிறேன்! அவருக்கும் சிரிப்பு. "தெரியாம அச்சடிச்சிட்டாவளே!" என்று நான் கத்த, "அவியளுக்கும் தெரியல போல!" என்று அவர் கத்த, கீழே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

"என்னட்டி சத்தம் அங்கன?" என்று அப்பா படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லப்பா! பேசிட்டிருக்கோம்!"

அப்பா குரலைக் கேட்டு மாப்பிள்ளை பதறி ஒரு எட்டு முன்னால் வைத்தார். கால் நேராகக் கூழ்வத்தலில் இறங்கியது. பாதிதான் காய்ந்திருந்தது, பசை மாதிரி பிடிக்கும். காலைத் தூக்கினால் வேட்டியும் கூடவே வந்தது. ஒற்றைக் காலில் நின்றபடி, ஒரு முழ வேட்டியும் வத்தலும் தொங்க, "இப்ப என்ன செய்யணும்?" என்று அவர் கேட்டபோது நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டேன். வயிறு வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒரு காலில் கூழோடு இறங்கி வருவதையும், பின்னால் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவதையும் கீழே இருந்த மூவரும் பார்த்தார்கள். அழுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அந்த அம்மாள் எழுந்தேவிட்டார்.

"அப்ப நாங்க வாரோம். ஊருக்குப் போய்ப் பேசிட்டுச் சொல்லுதோம்."

அவர்கள் போன பிறகு அப்பா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "என்ன சண்ட போட்ட?" என்று கேட்டார்.

"சண்ட இல்லப்பா. எனக்கு அவியளப் பிடிச்சிருக்கு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா காலடி பதிந்த வத்தல் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏரலில் என்ன நடந்தது என்று பிறகு தெரியவந்தது. மகன் இந்தப் பெண்தான் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்குத்தான் மனம் ஆடியது. பார்த்த முதல் நாளே ஒரு தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கத்துகிற பெண்ணைக் கட்டி வைப்பதா? அவர் கடைசியில், ஆற்றங்கரை அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தார். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாக இலையில் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது. வருகிற நிறம்தான் உத்தரவு. எங்கள் வீட்டுக்கும் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து தகவல் சொன்னார்கள். அப்பா மட்டும் போவதாக இருந்தது. நானும் வருவேன் என்றேன்.

"பொம்பளப் பிள்ள அங்கன எதுக்கு?"

"எப்படி எடுக்காவன்னு நான் பாக்கணும்ப்பா. பொட்டலம் ரெண்டும் ஒரே அளவா இருக்கணும். ஒண்ணு கனமா இருந்தா கை அங்கதான் போவும்."

என் வாழ்க்கையில் அவ்வளவு முக்கியமான ஒரு மாதிரியெடுப்பை மேற்பார்வை இல்லாமல் விடுவதாக இல்லை நான்.

காலை வெயில் ஆற்றில் பளபளத்துக்கொண்டிருந்தது. பூசாரி நந்தியாவட்டையை ஒரு துண்டு வாழையிலையிலும் செவ்வரளியை இன்னொன்றிலும் வைத்து நாரால் கட்டினார். அரளிப் பொட்டலம் கொஞ்சம் குண்டாகத் தெரிந்தது.

"சாமி, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்" என்றேன்.

பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல இப்படி."

"கட்டிக் குடுத்துருங்களேன்" என்றார் மாப்பிள்ளை, தூணோரமாக நின்றபடி. பூசாரி முணுமுணுத்துக்கொண்டே அரளியில் இரண்டு பூவை எடுத்துவிட்டு மறுபடி கட்டினார். தட்டில் போட்டுக் குலுக்கினார். இன்னும் நன்றாகக் குலுக்கச் சொன்னேன். குலுக்கினார். யார் எடுப்பது என்ற பேச்சு வந்தது. அப்பா எடுத்தால் எங்கள் பக்கம், அவர் அம்மா எடுத்தால் அவர்கள் பக்கம்.

"ரெண்டு வீட்டுக்கும் சம்பந்தமில்லாத ஆளா இருக்கணும்" என்றேன்.

"கம்ப்ளீட்லி" என்றார் அவர், மெல்ல, தூணைப் பார்த்துக்கொண்டு. எனக்குள் என்னமோ தட்டாமாலை சுற்றியது. அந்தச் சொல்லை அவர் வாயால் அவர் விருப்பத்தோடு சொன்னது அதுதான் முதல் முறை.

ஆற்றில் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு கும்பிட வந்த ஒரு பெண்ணைப் பூசாரி கூப்பிட்டார். அவள் என்ன ஏது என்று கேட்காமல் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டிவிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இவ்வளவு நேர்த்தியாக, ஒரு குறை இல்லாமல் நடத்திய குலுக்கல்! எந்த வாயால் இதைச் செல்லாது என்று சொல்வேன்?

"செவப்பு வந்துட்டே தாயே" என்றார் அப்பா. தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"செவப்பு வந்துட்டுல்லா!" என்றார் அந்த அம்மாள். அவர் முகம் மலர்ந்திருந்தது. "ஆத்தா சொல்லிட்டா! இனி ஒரு பேச்சு இல்ல!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க என்ன நெனச்சிய?" என்று அப்பா கேட்டார்.

"குங்குமம் செவப்பு. கூறச்சேல செவப்பு. செவப்பு வந்தா முடிச்சிரணும்னுதான் நெனச்சேன். நீங்க?"

"நாங்க எப்பவும் வெள்ளதான் உத்தரவும்போம்..."

பொட்டலத்தின் அளவைப் பார்த்தேன், குலுக்கலைப் பார்த்தேன், எடுக்கிற ஆளைப் பார்த்தேன். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று முதலில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை, வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடத்தை, ஒருத்தரும் நினைக்கவில்லை, நான் உட்பட. அவர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. என்னாலும் முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

"மறுபடி ஒரு தடவ போடுவமா?" என்று அப்பா பூசாரியைக் கேட்டார்.

"ஆத்தா என்ன வேலையத்துப்போயா உக்காந்திருக்கா?" என்றார் பூசாரி. "பூக்கட்டணும்னு கேட்டு வந்தது யாரு? இந்த அம்மாதான? அப்ப இவிய நெனச்சதுதான் கணக்கு. போய் ஆக வேண்டியதப் பாருங்க வே. எனக்கு அபிஷேகத்துக்கு நேரமாவுது."

அப்படி முடிந்தது. அப்பா அம்மனை விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்கும்போது அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

நிச்சயமாகிக் கல்யாணத்துக்குச் சில மாதம் இருந்தது. அந்தக் காலத்தில் நிச்சயமானவர்கள் ஊர் சுற்றுவதில்லை. நான் தினம் பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் பஸ்ஸில் வீடு திரும்புவேன். நிச்சயமான மறு வாரம் ஒரு சாயங்காலம் அதே பஸ்ஸில் அவர் ஏறினார். பக்கத்துச் சீட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இங்க எங்க?" என்றேன்.

"சேரன்மாதேவியில ஒரு ஃப்ரெண்டு. பாக்கப் போறேன். உங்களப் பாப்பேன்னு நெனைக்கவே இல்ல. சுத்தத் தற்செயல்."

மறுநாளும் ஏறினார். அதற்கு மறுநாளும். சேரன்மகாதேவி வரை பேசிக்கொண்டு வருவார். பேச்செல்லாம் இதுதான்: பச்சைத் தண்ணீர் என்கிறோமே, அதில் பச்சை என்ன செய்கிறது? ஆங்கிலத்தில் ஸ்டோன் டெஃப் என்றால் நாம் ஏன் டமாரச் செவிடு? வாழைத்தோட்டமும் வயலும் பின்னால் ஓடும். இறங்கவேண்டிய இடம் வந்ததும் சட்டென்று எழுந்து, இல்லாத அந்த நண்பரைப் பார்க்க இறங்கிப் போவார். எதிர்ப்பக்கம் நின்று பாளையங்கோட்டை பஸ்ஸைப் பிடிப்பார் என்பது எனக்குத் தெரியும். கண்டக்டருக்கும் தெரியும்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் சேரன்மாதேவி ஒண்ணா? ஃப்ரெண்டு சொகமா இருக்காரா?" என்று அவர் டிக்கெட்டைக் கிழிப்பார். முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன். "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ் போவுது. தெனம் நான் ஏறுததுலயே நீங்களும் ஏறுததுக்கு என்ன வாய்ப்பு இருக்குன்னு நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். சொல்லட்டா?"

"வேண்டாம்" என்றார். "தற்செயல்."

"வெறும் தற்செயலா?"

"முழுத் தற்செயல். அப்சல்யூட் தற்செயல். அட்டர் தற்செயல்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹைலி" என்றார்.

கண்டக்டர் விசிலை ஊத மறந்து நின்றார்.

அந்த மாதங்களில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. தற்செயல் என்று வெறுமனே சொல்கிறவர் உண்மையைச் சொல்லலாம். சுத்தத் தற்செயல், முழுத் தற்செயல் என்று யாராவது அழுத்திச் சொன்னால் பஸ் ஸ்டாப்பில் காத்து நின்ற ஆள்தான் அவர். என் கட்டுரையை வாசித்தவர்களுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. நான் நேர்மையாகத்தான் வயல்களை எடுத்தேன். ஆனால் எழுதின எழுத்து, மாட்டிக்கொண்ட ஆள் சத்தியம் செய்கிற மாதிரி இருந்திருக்கிறது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பாளையங்கோட்டையில் வாடகை வீடு. ஏரலிலிருந்து அத்தையும் எங்களோடு வந்துவிட்டார். அந்தக் கட்டுரையை விரிவாக்கி இன்னும் பெரிய இதழுக்கு அனுப்பலாம் என்று நான் உட்கார்ந்தேன். ஆங்கிலத்தை அவர் பார்த்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை. எப்படி எடுத்தோம் என்பதை வரிவரியாக எழுது, எந்த அட்டவணை, எந்தப் பக்கத்தில் ஆரம்பித்தாய், சேற்றில் இறங்க முடியாத வயலை என்ன செய்தாய், அதையெல்லாம் சொல்லிவிட்டால் எந்தச் சொல்லும் முன்னால் வந்து நிற்க வேண்டாம் என்பது அவர் கட்சி. எழுதினேன். எழுத எழுத அது சரியென்றும் பட்டது. முறையின் பெயரில் இருந்த கம்ப்ளீட்லி மட்டும் மிஞ்சியது. அதை அவர் ஒவ்வொரு முறையும் மரியாதையோடு தாண்டிப் போனார்.

"அதென்ன புருசனும் பொண்டாட்டியும் எப்பப் பாத்தாலும் ரேண்டம் ரேண்டம்னு அடிச்சுக்கிடுதிய?" என்று அத்தை ஒரு நாள் கேட்டார்.

"தற்செயல்னு அர்த்தம் அத்த."

"தற்செயலா நடந்ததுக்கா இவ்வளவு பேச்சு?" என்று அவர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதழிலிருந்து பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். மதிப்பீட்டாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: வயல்கள் உண்மையிலேயே ரேண்டமாகத்தான் எடுக்கப்பட்டனவா? தெளிவாகக் குறிப்பிடவும்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, என் கையெழுத்துப் பிரதியில் ரேண்டம் என்பதற்கு முன்னால், தன் அழகான சாய்ந்த எழுத்தில், என்டையர்லி என்று எழுதினார். நான் தரையில் விழுந்து சிரித்தேன். அடுக்களையிலிருந்து அத்தை கரண்டியோடு ஓடி வந்தார்.

கட்டுரை ஏற்கப்பட்டதைக் கொண்டாட அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் மணிமுத்தாறுக்குப் போனோம். மழைக்காலம் முடிந்து அருவியில் நல்ல தண்ணீர். அத்தைதான் முதலில் இறங்கினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அருவிக்கு அடியில் போய் நின்றவர், தலையில் தண்ணீர் விழ விழ எதையோ எங்களைப் பார்த்துக் கத்தினார். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. "என்ன?" என்று நாங்கள் இருவரும் கத்தினோம். அவர் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். செருப்பைப் பாறைமேல் கழற்றிப் போட்டுவிட்டு நாங்களும் இறங்கினோம்.